தீயும் தேர்வும்

தைபே நகரின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில், சுங் அரசர் காலத்தில் வாழ்ந்த லி தாங் தீட்டியது என்பர். மரநிழல், சிற்றூர்ப் பாதை. மேலாடை களைந்த ஏழை ஒருவன் வாயைப் பிளந்து அலறுகிறான். விழிகள் பிதுங்குகின்றன. சுற்றத்தார் அவனை இறுகப் பிடித்திருக்கின்றனர். அவன் முதுகுப்புறம் குனிந்திருக்கும் ஒருவர், அலறல் காதில் விழாதவர்போலத் தம் வேலையில் ஆழ்ந்திருக்கிறார்.

என்ன நடக்கிறது அங்கே? கடன் கொடாதவனுக்குத் தண்டனையா? களவாடியவனுக்கு ஒறுப்பா? இல்லை. மருத்துவம் நடக்கிறது! குனிந்திருப்பவர் நாட்டு மருத்துவர். அலறுபவன் நோயாளி. அவன் முதுகில் வைத்திருப்பது மூலிகைத் தீ.

சூடு என்ற சொல் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளுள் சுட்டிகை என்று ஒன்று உண்டு. ஏட்டில் உள்ளதை விடுவோம். காமாலை என்றும் மாந்தம் என்றும் சொல்லிக் கைக்குழந்தையின் வயிற்றில் சூடு இழுத்த தழும்பை, ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் வகுப்பறையிலேயே கண்டிருக்கிறோம். "யார் செய்தது?" என்று கேட்டால், "எங்கள் பாட்டி காலத்திலிருந்தே உள்ள பழக்கம் ஐயா" என்று விடை வருகிறது. பழக்கம் என்பது விடையாகுமா? அந்த வினாவோடுதான் சீனத்தின் சூட்டு மருத்துவ வரலாற்றை நாம் புரட்டத் தொடங்கினோம். அது பழித்துத் தள்ளத்தக்க வரலாறும் அன்று. போற்றிப் பூசிக்கத்தக்க வரலாறும் அன்று. கற்கத்தக்க வரலாறு.

முதலில் அந்த மூலிகையை அறிந்துகொள்வோம். சீனர் அதனை 'ஐ' என்று அழைக்கின்றனர். நம் பூக்கடைகளில் கதம்பத்தோடு தொடுக்கும் மரிக்கொழுந்தும் மலைச்சாரலில் வளரும் மாசிபத்திரியும் எந்த ஆர்ட்டிமீசியாப் பேரினத்தைச் சேர்ந்தவையோ, அதே பேரினத்துச் செடிதான் அதுவும். இலைகளைப் பறித்து உலர்த்துவர், இடிப்பர், சலிப்பர். காம்பும் நரம்பும் தூளும் கழிந்த பின், இலையின் அடிப்புறத்து மென்மயிர் பஞ்சுபோல எஞ்சும். அந்தப் பஞ்சு, சுடர்விட்டு எரியாது. மெல்லக் கனன்று, சீராகச் சுடும். அதனைக் கோதுமை மணியளவிலோ சற்றுப் பெரிதாகவோ கூம்புகளாக உருட்டி, உடலின் குறித்த இடத்தில் வைத்துப் பற்றவைப்பர். ஒன்று எரிந்து தணிந்ததும் மற்றொன்று; அதன் பின் இன்னொன்று. இதுவே 'சியு'. அச்சொல்லைக் குறிக்கும் சீன எழுத்தின் அடிப்பகுதியே 'தீ' என்னும் குறிதான்.

ஊசி குத்தும் மருத்துவத்தை உலகறியும். ஆனால் சீனர் வாய்மொழியில் ஊசி தனித்து வருவதில்லை. 'சென்-சியு' என்பர், ஊசியும் தீயும் என்று பொருள். உடன்பிறந்த இருவருள் ஒருவன் ஊர் சுற்றிப் பெயர் பெற்றான்; மற்றவன் வீட்டோடு இருந்துவிட்டான். வீட்டோடு இருந்தவனே மூத்தவன் என்று எண்ண இடமுண்டு.

ஹூனான் மாநிலத்தின் சாங்ஷா நகரருகே மாவாங்துய் என்னும் இடத்தில், பழைய அமைச்சர் குடும்பமொன்றின் கல்லறைகளைத் தோண்டினர். கி.மு. 168இல் மூடப்பட்ட மூன்றாம் கல்லறையிலிருந்து 1973இல் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் வெளிவந்தன. உடலில் ஓடும் 11 நாடித் தடங்களை அவற்றுள் இரண்டு ஏடுகள் விளக்குகின்றன. இன்ன நோய்க்கு இன்ன தடத்தில் தீ வை என்று கூறுகின்றன. ஊசியைப் பற்றி அவ்விரண்டிலும் பேச்சே இல்லை. பின்னர்த் தொகுக்கப்பட்ட 'மஞ்சள் பேரரசர் உள்நூல்' தடங்களை 12 ஆக்கி, ஊசியை முதன்மையாக்குகிறது. தீ மருத்துவம் குளிர் மிகுந்த வடநாட்டிலிருந்து வந்தது என்றும் அந்நூல் காரணம் கற்பிக்கிறது. குளிரில் நடுங்கியவன் தீயருகே அமர்ந்தான். வலித்த இடத்தில் வெம்மை பட்டதும் இதம் கண்டான் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில் பிழையில்லை. கடவுள் கனவில் வந்து அருளியதாகக் கதை கட்ட வேண்டிய தேவை இல்லை.

கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே இம்மூலிகை மக்கள் வாழ்வில் ஊறியிருந்தது. மென்சியஸ் என்னும் அறிஞர், ஆட்சியாளருக்கு நெறி கூறுகையில் இதனையே உவமையாக்கினார். நாட்பட்ட நோய்க்கு நாட்பட உலர்ந்த மூலிகை வேண்டும். இன்றே சேர்த்து வைக்காதவனுக்கு என்றுமே கிட்டாது என்பது அவர் கருத்து. எல்லோரும் அறிந்த பொருளைத்தானே உவமையாக்குவர்!

அடுத்து நாம் காண வேண்டியவர் சுன்யூ யீ. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் மருத்துவர். ஏதோ குற்றச்சாட்டில் சிக்கி, உடலுறுப்பைச் சிதைக்கும் தண்டனை பெறும் நிலையில் தலைநகருக்கு இழுத்துச் செல்லப்பட்டார். அவருக்கு ஐந்து பெண்மக்கள், ஆண்மகவு இல்லை. இடர் வந்த வேளையில் உதவ ஒரு மகன் இல்லையே என்று மனம் நொந்து பேசினார். கேட்டிருந்த கடைசி மகள் தீயிங் தந்தையைத் தொடர்ந்து தலைநகர் சென்றாள். தந்தையின் தண்டனைக்கு ஈடாகத் தன்னை அரசின் அடிமையாக ஏற்குமாறு பேரரசர் வென்னுக்கு மனு எழுதினாள். வெட்டுண்ட உறுப்பு மீண்டும் ஒட்டாது, திருந்த விரும்புவோனுக்கும் வழி அடைபடுகிறதே என்று வாதிட்டாள். கி.மு. 167இல் உறுப்பைச் சிதைக்கும் தண்டனைகளை நீக்கிப் பேரரசர் ஆணையிட்டதற்கு அந்த மனுவே தூண்டுதல் என்று சீன வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மகன் இல்லையே என்று ஏங்கிய தந்தைக்கு மகள் அளித்த விடை அது!

அம்மருத்துவரைப் பின்னர்ப் பேரரசர் விசாரித்தபோது, தாம் கண்ட நோயாளிகள் 25 பேரின் குறிப்புகளை அவர் எடுத்துரைத்தார். ஸ்ஸூமா சியென் எழுதிய வரலாற்றில் அவை இடம்பெற்றுள்ளன. சிலருக்கு மூலிகைத் தீ வைத்ததையும் சொன்னார். பிழைத்தோரை மட்டுமன்றி இறந்தோரையும் சொன்னார். தவறே நேர்வதில்லையா என்ற வினாவுக்கு, எப்போதும் தவறாதிருக்கத் தம்மால் இயலாது என்று ஒப்புக்கொண்டார். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னர், ஒரு மருத்துவர் தம் தோல்வியையும் கணக்கில் எழுதினார். அந்த நேர்மையே அறிவியலின் வித்து. வித்து முளைத்ததா? சில இடங்களில் முளைத்தது. பல இடங்களில் மண்மூடிப் போயிற்று.

முளைத்த இடம் ஒன்றைக் காண்போம். 4ஆம் நூற்றாண்டில் கோ ஹோங் என்பவர் அவசர வேளைக்கான கைந்நூல் ஒன்று எழுதினார். சட்டைக் கையில் செருகிக்கொள்ளத்தக்க நூல் என்று அதற்குப் பெயர். அரிய மருந்து வாங்க ஏழையிடம் பொருள் ஏது? ஊசி குத்தத் தேர்ந்த கை வேண்டும். சிற்றூரில் அது ஏது? மூலிகையோ வேலியோரம் வளர்கிறது. ஆகவே அந்நூலில் தீ மருத்துவத்திற்குப் பேரிடம் அளித்தார். உடலின் இடங்களைப் புலவர் மட்டும் அறிந்த பெயரால் சுட்டாமல், தொப்புளிலிருந்து இத்தனை அங்குலம் என்று எவரும் அளந்தறியுமாறு எழுதினார். தோல் வேகாதிருக்கப் பூண்டு வில்லையையோ உப்பையோ இடையில் வைத்து அதன்மீது தீ வைக்கும் முறையையும் குறித்தார். அவர் துணைவி பாவோ கூ, இம்மருத்துவத்தில் கைதேர்ந்த பெண்மணி என்று இன்றும் குவாங்சோ நகர மக்கள் நினைவில் நிற்கிறார். அறிவைப் பூட்டி வைப்போர் மலிந்த உலகில், அறிவை அளவுகோலோடு மக்கள் கையில் கொடுத்தவர் கோ ஹோங். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடியும் முன் மீண்டும் அவரிடம் வருவோம்.

மண்மூடிப் போன இடங்களும் உண்டு. நிலவில் ஒரு முயலும் ஒரு தேரையும் இருப்பதாகச் சீனர் நம்பினர். நிலவு வளர்வதற்கும் தேய்வதற்கும் ஏற்ப மனிதனின் உயிர்ப்பாற்றல் உடலில் இடம் மாறுகிறதாம். இன்ன நாளில் இன்ன இடத்தில் தீ வைத்தால் கேடாம்! இதற்கென்றே 'மஞ்சள் பேரரசரின் தேரை நூல்' என்று ஒரு நூல். நோயாளி துடிக்கிறான், மருத்துவர் நாள் பார்க்கிறார். நாள் பார்த்துத் தாலி கட்டும் நாட்டில் பிறந்த நமக்கு இது வியப்பாயிராது. கொப்புளம் எழுந்து சீழ் கட்டினால்தான் நோய் நீங்கும் என்ற நம்பிக்கையும் நெடுங்காலம் நிலவிற்று. கொப்புளம் எழாதபோது அதை எழுப்புவதற்கென்றே தனி முறைகள் வகுத்தனர்!

டாங் அரசர் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில், சுன் சிமியாவ் என்னும் பெருமருத்துவர் மற்றொரு பழக்கத்தைக் குறிக்கிறார். தென்னாட்டு வூ, சூ பகுதிகளுக்குப் பணியேற்றுச் செல்லும் அலுவலர், உடலில் இரண்டு மூன்று இடங்களில் எப்போதும் சூட்டுப் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்க வேண்டும். அவ்வாறு செய்தால் அந்நாட்டு நச்சுக்காற்றும் முறைக்காய்ச்சலும் அணுகா என்றார். முறைக்காய்ச்சல் என்பது மலேரியா. கொசு கடித்து வரும் நோய்க்குப் புண்ணை வேலியாக்கினர்! 752இல் நூல் தொகுத்த வாங் தாவ் என்பவரோ, ஊசி உயிரைப் போக்கக்கூடும் என்று அஞ்சி அதனை விலக்கி, தீ முறையை மட்டும் வைத்துக்கொண்டார்.

சுங் அரசர் காலத்தில் இம்மருத்துவம் அரண்மனை முதல் குடிசை வரை பரவியிருந்தது. முதற்பேரரசர் தாய்ச்சு பற்றி ஒரு செய்தி உண்டு. நோயுற்ற தம்பிக்கு அண்ணனே தம் கையால் மூலிகைத் தீ வைத்தாராம். தம்பி வலி தாளாது துடித்தான். உடனே அண்ணன் அதே தீயைத் தம் உடலிலும் வைத்துக்கொண்டாராம். உடன்பிறந்தார் அன்பைக் குறிக்கச் சீன மொழியில் இன்றும் அந்நிகழ்ச்சி வழக்காக நிலவுகிறது. அன்பு பெரிதுதான். ஆனால் அண்ணன் சுட்டுக்கொண்டதால் தம்பியின் வலி குறைந்திருக்குமா?

அன்பு செய்யாததை ஆய்வு செய்ய முயன்றது. 1027இல் வாங் வெய்யி என்னும் மருத்துவ அலுவலர், அரசாணைப்படி ஆளுயர வெண்கல மனிதர் இருவரை வார்ப்பித்தார். 354 பெயர்கள், உடலின் இருபுறமும் சேர்த்து 657 இடங்கள், ஒவ்வோரிடத்திலும் ஒரு துளை. மேலே மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே நீர்மம் நிரப்பி மாணவரைச் சோதித்தனர் என்பர். சரியான இடத்தில் ஊசி நுழைந்தால் நீர்மம் கசியும். தவறினால் ஊசி நுழையாது. தேர்வு நடத்தும் தொழிலில் உள்ள நமக்கு அந்த வெண்கல மனிதன்மேல் தனி அன்பு பிறக்கிறது. ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. மாணவன் இடத்தை அறிவானா என்பதை அந்த உருவம் சோதித்தது. அந்த இடத்தில் தீ வைத்தால் நோய் தீருமா என்பதை அது சோதிக்கவில்லை.

வலியைக் குறைக்க வழி தேடியோரும் இருந்தனர். நூற்றுக்கணக்கான கூம்புகளை எரிக்கச் சொன்ன தௌ சாய் என்பவர், 1146இல் எழுதிய நூலில், ஊமத்தம்பூவும் சணல்வகைப் பூவும் கலந்த தூள் ஒன்றைக் கொடுத்து நோயாளியை உறங்கவைக்கும் முறையைக் கூறினார். மிங் அரசர் காலத்தில் பஞ்சைத் தாளில் சுருட்டுப்போலச் சுருட்டி எரிக்கும் வழக்கம் தோன்றிற்று. பின்னாளில் அச்சுருட்டைத் தோலில் படாமல் சற்று எட்டப் பிடித்து, வெம்மையை மட்டும் ஊட்டும் முறை பெருகிற்று. ஓவியத்து ஏழை அலறினான். இன்று சுருட்டால் வெம்மை பெறுவோர் பெரும்பாலும் அலறுவதில்லை. அந்த அளவில் இம்மருத்துவம் தன்னைத் தானே திருத்திக்கொண்டது.

பிறகு வந்தது 1822. மஞ்சூ மரபின் பேரரசர் தாவ்குவாங், அரசவை மருத்துவக் கழகத்தில் ஊசி, தீ மருத்துவத் துறையை மூடச் சொன்னார். நோய் தீரவில்லை என்பதா காரணம்? ஆராய்ந்து பார்த்துப் பயனில்லை என்று கண்டாரா? இல்லை. ஊசி குத்துவதும் தீ வைப்பதும் அரசர்க்குச் செய்யத்தக்க பணி அல்ல என்பதே காரணம்! மன்னர் மேனியில் தீ படலாமா? மக்கள் மேனியில் படலாம். அரண்மனை கைவிட்டதைக் குடிசை கைவிடவில்லை.

வரலாறு சில வேளை நகைக்கிறது. அதே 1822இல், நெப்போலியனின் படை மருத்துவர் லாரே தீ மருத்துவம் பற்றி எழுதியது இலண்டனில் ஆங்கில நூலாக வெளிவந்தது. அவர் எரித்தது பருத்திப் பஞ்சு. பெயர் மட்டும் கிழக்கிலிருந்து போனது. 'மாக்சா' என்பது, எரிக்கும் இலை எனப் பொருள்படும் 'மொகுசா' என்ற சப்பானியச் சொல்லின் திரிபு. அச்சொல்லை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர், பட்டேவியாவில் இருந்த டச்சுப் பாதிரியார் புஷோப். அவரது கீல்வாத வலிக்குத் தீ வைத்து இதமளித்தவர் ஓர் ஆசியப் பெண் மருத்துவர். பாதிரியாரின் நூல் 1676இல் ஆங்கிலத்திலும் வந்தது. படித்த ஆங்கிலத் தூதர் வில்லியம் டெம்பிள் தம் காலிலேயே தீ வைத்துப் பார்த்துக் கட்டுரை எழுதினார். நூலெழுதிய பாதிரியாரின் பெயர் நிலைத்தது. நோய் தணித்த பெண்ணின் பெயர் நூலேறவில்லை. இது புதுமையா?

20ஆம் நூற்றாண்டில் சீனமே இரண்டாகப் பிரிந்து வழக்காடிற்று. 1929இல் அரசின் நலவாழ்வுக் குழு பழைய மருத்துவத்தை ஒழிக்கத் தீர்மானம் இயற்றியது. மருத்துவர்கள் மார்ச் 17 அன்று சாங்காயில் கூடி எதிர்த்தனர். தீர்மானம் செயலுக்கு வரவில்லை. 1951இல் சூ லியென் என்னும் பெண் மருத்துவர் 'புதிய ஊசி, தீ மருத்துவம்' என்ற நூலை வெளியிட்டார். மேலைமுறை மருத்துவம் பயின்ற அவர், நரம்பு மண்டலத்தின் வழியே இதனை விளக்க முயன்றார். 2010இல் யுனெஸ்கோ, ஊசியையும் தீயையும் மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சியே. ஆயினும் மரபுச் செல்வம் என்ற சான்றிதழ் மருந்துச் சான்றிதழ் ஆகாது. கூத்தும் கும்மியும்கூட மரபுச் செல்வந்தான். அவற்றைக் காய்ச்சலுக்குக் கொடுப்போமா?

அப்படியானால் இம்மருத்துவத்தில் உண்மை எவ்வளவு? வினவியவர்கள் இருக்கிறார்கள். கருவில் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்தால் பேறு இடராகும். அப்போது தாயின் கால் சுண்டுவிரல் நகத்தருகே மூலிகை வெம்மை ஊட்டினால் குழந்தை திரும்பும் என்பது பழைய நூல்களின் கூற்று. சியாங்சி மாநிலத்தில் 260 தாய்மாரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். வெம்மை பெற்ற 130 பேரில் 98 பேருக்கு, 35ஆம் வாரத்தில் குழந்தை திரும்பியிருந்தது. பெறாத 130 பேரில் 62 பேருக்கே திரும்பியிருந்தது. 1998இல் அமெரிக்க மருத்துவ இதழ் இதனை வெளியிட்டது. வெற்றி முரசு கொட்டலாமா? பொறுங்கள். 2009இல் சுவிட்சர்லாந்து ஆய்வொன்றில் 212 தாய்மாரிடம் பார்த்தபோது பயன் தெரியவில்லை. பல ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிய காக்ரேன் மதிப்பாய்வு 2023இல், வழக்கமான கவனிப்போடு சேர்த்தால் இம்முறை பயன்தரக்கூடும் என்று அளந்து சொன்னது. மற்ற நோய்கள் பலவற்றுக்கு நடந்த ஆய்வுகள் சிறியவை, உறுதி குறைந்தவை. 'உண்டு' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் இடையே 'இவ்வளவு மட்டும்' என்று சொல்லும் துணிவுதான் அறிவியல்.

இனி, சொன்ன சொற்படி கோ ஹோங்கிடம் திரும்புவோம். அவரது கைந்நூலில் மலேரியாக் காய்ச்சலுக்கு வேறொரு குறிப்பும் இருந்தது. சிங்ஹாவ் என்னும் செடியைக் கைப்பிடி எடுத்து, நீரில் ஊறவைத்து, பிழிந்து குடிக்கச் சொன்னது. அச்செடியும் ஆர்ட்டிமீசியாப் பேரினமே. சூட்டு மூலிகையின் உடன்பிறப்பே. 1969இல் மலேரியா மருந்து தேடும் பணி தூ யூயூ என்னும் பெண் அறிஞரிடம் வந்தது. ஏறத்தாழ 2,000 பழைய மருத்துவக் குறிப்புகளை அவர் குழு திரட்டியது. சிங்ஹாவ் ஒரு முறை பயன் தந்தது, மறுமுறை தரவில்லை. கோ ஹோங்கின் குறிப்பை மீண்டும் படித்தவருக்கு ஒன்று பொறிதட்டியது: பிழியச் சொன்னாரே தவிர, காய்ச்சச் சொல்லவில்லையே! வெப்பமே மருந்தைக் கெடுக்கிறதோ? தாழ்ந்த வெப்பத்தில் ஈத்தரைக் கொண்டு சாற்றை எடுத்தார். 1971 அக்டோபரில் 191ஆம் எண் மாதிரி, விலங்குகளின் மலேரியாவை முற்றும் ஒழித்தது. முதலில் தம் உடலிலேயே அச்சாற்றைச் சோதித்தார். உடன் பணிபுரிந்தோரும் சோதித்தனர். 1972இல் மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே ஆர்ட்டிமீசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எண்ணிப் பாருங்கள். மலேரியாவுக்கு அஞ்சி ஒரு செடியைத் தோலில் எரித்துப் புண்ணை ஆறவிடாமல் காத்தனர் முன்னோர். அம்மலேரியாவுக்கு மருந்து, அதன் உடன்பிறந்த செடியில், தீ படாத சாற்றில் இருந்தது! இரண்டும் பழைய ஏடுகளே. இரண்டும் பெரியோர் எழுதியனவே. எது மெய், எது பொய் என்பதை ஏடு சொல்லவில்லை; எழுதியவர் புகழ் சொல்லவில்லை; ஆண்டின் எண்ணிக்கை சொல்லவில்லை. தேர்வு சொன்னது.

தூ யூயூ பழைய ஏட்டைக் கொளுத்தவில்லை, கும்பிடவும் இல்லை. படித்தார். வேதமாகப் படிக்காமல் வினாவாகப் படித்தார். முன்னோர்க்கு நாம் செய்யத்தக்க மரியாதை அதைவிட வேறென்ன?

நம் வகுப்பறைக் குழந்தையின் வயிற்றுத் தழும்பு இனி மறையாது. ஆனால் அதன் தங்கைக்கோ தம்பிக்கோ காமாலை கண்டு, கம்பி அடுப்பில் பழுக்கும் வேளை வருமானால், அந்த வீட்டில் ஒருவராவது எழுந்து, "இதனால் பிழைத்தவர் எத்தனை பேர்? பிழைக்காதவர் எத்தனை பேர்? யார் எண்ணிப் பார்த்தது?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு நடக்க வேண்டும். அப்படிக் கேட்கும் ஒருவரை உருவாக்குவதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது, நாமும் இருக்கிறோம்.